விறாந்தையை ஒருமுறை அளந்து வையுங்கள்

ரோயல் கொழும்பு கொல்ஃப் கழகத்தின் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் கழகத்தின் அங்கத்தவன் அல்லன். கொல்ஃப் மட்டையை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கையில் பிடித்திருக்கிறேன். அதுவும் அலுவலகக் கூரைக்குள் புகுந்த மரநாயைத் துரத்துவதற்கு. கொழும்பில் 35 வருடங்கள் படவரைஞனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களுடைய கட்டடங்களைக் கோடுகளாக மாற்றியதுதான் என் தொழில். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

எழுதுவதற்குக் காரணம் 2029. உங்கள் கழகம் 1879இல் தொடங்கியது. 2029இல் அதற்கு 150 வயது ஆகும். விழா நடக்கும், மலர் வெளிவரும், விருந்து இருக்கும். கட்டடத்தையும் கொஞ்சம் புதுப்பித்துவிடுவோம் என்று ஏதாவது ஒரு கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம். நீங்கள் எதையாவது இடிக்கப் போகிறீர்கள் என்று நான் கேள்விப்படவில்லை. அப்படியொரு வதந்தியைக் கிளப்பவும் வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: உங்கள் கிளப் கட்டடத்தை, முகட்டோட்டிலிருந்து பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாய் வரைக்கும், ஒருமுறை முழுதாக அளந்து வரைந்து வையுங்கள்.

எனக்கும் உங்களுக்கும் உள்ள பழக்கம் கோச்சி வழியாக வந்தது. சிறுவயதில் கிருலப்பனையில் இருந்தோம். பள்ளிக்கூடம் மருதானைப் பக்கம். அப்போது களனிவெளிப் பாதையில் ஓடியது இரண்டரை அடித் தண்டவாளத்துச் சின்னக் கோச்சி. நாரஹேன்பிட்டியைத் தாண்டியதும் வேலிகளும் கொடியில் காயும் உடுப்புகளும் சட்டென்று விலகி, இரண்டு பக்கமும் பச்சை விரியும். கொட்டா வீதி நிலையம் வருவதற்குள் அது முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காக யன்னலோரத்தில் இடம்பிடிக்க அடிபட்டிருக்கிறோம். புல்லின் நடுவே நாலு பேர் மட்டையை ஊன்றிக்கொண்டு, கோச்சி போகும்வரை காத்து நிற்பார்கள். முதன்முதல் அதைப் பார்த்த அன்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அந்த மனுசர் ஏன் வெயிலில் சும்மா நிற்கினம்?" கோச்சிக்கு வழிவிடுகிறார்கள் என்று நான் சொன்னேன். அம்மா நம்பவில்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மீன்கூடையோடு போகிறவர்களுக்குத் துரைமார் வழிவிட்டு நிற்பதை நம்ப அவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லைத்தான்.

பிற்காலத்தில்தான் வருடங்களைப் பொருத்திப் பார்த்தேன். நீங்கள் அந்த நிலத்துக்கு வந்தது 1896. களனிவெளிப் பாதை அவிசாவளை வரை போனது 1902. ஆக முதலில் வந்தது கொல்ஃப், கோச்சி அதற்குப் பிறகு. இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை, அந்தத் தோட்டங்களை நடத்தியவர்கள் விளையாடிய திடலையே ஊடறுத்துப் போயிருக்கிறது. 1990களில் பாதையை அகலமாக்கினார்கள். பெரிய வண்டிகள் வந்தன. திடல் அப்படியே இருக்கிறது, காத்து நிற்பதும் அப்படியே. உலகத்தின் பழைய கொல்ஃப் கழகங்களில் எத்தனைக்கு இப்படியொரு அயலவர் வாய்த்திருக்கும்?

அதற்கு முந்திய கதை காலிமுகத் திடலில் தொடங்குகிறது. இன்று இறால் வடையும் பட்டமும் கடற்காற்றுமாக நாங்கள் அறிந்த அதே இடம். ஆளுநர் ஹென்றி வோர்ட் 1856இல் அங்கே கடலோர நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லும் நாட்டினார். அந்தக் கல் இப்போதும் நிற்கிறது. பெண்களும் குழந்தைகளும் உலாவுகிற இடத்தில் குதிரைப் பந்தயம், கிரிக்கெட், சிப்பாய்களின் அணிவகுப்பு எல்லாம் நடந்தன. இத்தனைக்கும் நடுவில் 1879இல் கடினமான சின்னப் பந்தொன்றை மட்டையால் விளாசும் விளையாட்டும் வந்து சேர்ந்தது. 1893இல் குதிரைப் பந்தயம் கறுவாத் தோட்டத்துக்குப் போனது. மூன்று வருடம் கழித்து நீங்கள் பொரளைப் பக்கம் போனீர்கள்.

புதிய திடலுக்கு அப்போதைய ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரை வைத்து ரிட்ஜ்வே லிங்க்ஸ் என்றார்கள். இந்த 'லிங்க்ஸ்' எனக்குப் பிடித்த ஒரு விசயம். ஸ்கொட்லாந்தில் அந்தச் சொல் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணற்பாங்கான புல்தரையைக் குறிக்கும். காலிமுகத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருந்தது, அலை பக்கத்திலேயே இருந்தது. பொரளைக்கு இடம் மாறியபோது கடல் கூட வரவில்லை. சொல் மட்டும் வந்துவிட்டது. ஊர் மாறிப் போகிறவர்கள் பழைய வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போவதுபோல.

ரிட்ஜ்வே என்றால் எங்களுக்கு நினைவு வருவது கொல்ஃப் அல்ல, ஆஸ்பத்திரி. கொழும்பில் பிள்ளை வளர்த்த எந்தத் தமிழ்த் தாய்க்கும் 'லேடி ரிட்ஜ்வே' தெரியும்; நடு இரவில் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம். அது ஆளுநரின் மனைவியின் பெயர். ஒரே குடும்பத்துப் பெயர் பொரளையைச் சுற்றி இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஒன்று எல்லாருக்கும் திறந்த வாசல், மற்றது அங்கத்தவருக்கு மட்டும். குறை சொல்ல இதை எழுதவில்லை. பெயர்கள் எங்கெங்கே போய்த் தங்குகின்றன என்று பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. உங்கள் வாசல் இருக்கும் மொடல் ஃபாம் வீதியும் அப்படித்தான். அரசாங்கம் அங்கே நடத்திய மாதிரிப் பண்ணை எப்போதோ இல்லாமல் போய்விட்டது. பெயரை மட்டும் முச்சக்கர வண்டிக்காரர்கள் காப்பாற்றி வருகிறார்கள். நாரஹேன்பிட்டி ஆண்டர்சன் ஃபிளாட்ஸும் அதே வகை. அங்கேயும் ஒரு கொல்ஃப் திடல் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை அதை எடுத்துக்கொண்டு, ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் நிலையத்தை 1943இல் அங்கே நிறுவியது. இன்று அது குடியிருப்பு. விளையாட்டு, போர், வீடு என்று ஒரே காணி மூன்று வேடம் போட்டிருக்கிறது.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1928இல் 'ரோயல்' பட்டம் கொடுத்ததும் உங்கள் மலரில் முதல் பக்கத்தில் வந்துவிடும். அதில் என் உதவி உங்களுக்குத் தேவைப்படாது. நான் பேச வந்தது கட்டடத்தைப் பற்றி.

கொல்ஃப் கிளப் கட்டடம் ஒரு விசித்திரமான பிராணி. வீட்டுக்கு ஒரு முகம் போதும். கிளப் கட்டடத்துக்கு இரண்டு வேண்டும். காரில் வந்து இறங்குகிறவர் பார்ப்பது வாசல் முகம்: போர்ட்டிக்கோ, படிகள், பெயர்ப்பலகை. ஆனால் உண்மையான முகம் பின்னால், திடலைப் பார்த்தபடி இருக்கிறது. 18ஆம் குழியை முடித்துவிட்டு வேர்த்து நடந்துவருகிறவரை, விறாந்தைக் கதிரையில் இருக்கிறவர் கிண்டலாகப் பார்த்துச் சிரிப்பதற்காகவே கட்டிய முகம் அது. 1854இல் ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸில் கட்டிய கல் மாளிகையும் திடலைப் பார்த்தபடிதான் நிற்கிறது. அமெரிக்காவில் 1892இல் கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட் ஷினெகொக் ஹில்ஸ் கழகத்துக்கு ஒரு கட்டடம் வரைந்தபோது நீளமான விறாந்தை ஒன்றைக் கொடுத்தார். அங்கே கோடையில் காற்று வாங்க அது ஒரு வசதி. கொழும்பில் விறாந்தை இல்லாவிட்டால் கட்டடமே இல்லை.

ஏனென்றால் கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் இடியோடு நேராகக் கொட்டும். வெட்டவெளியில் இரும்பு மட்டையோடு நிற்கிறவனுக்கு இடி என்றால் விளையாட்டு முடிந்தது. ஓடிவந்து ஒதுங்க இடம் வேண்டும், ஒதுங்கி நின்றபடி வானத்தையும் பார்க்க வேண்டும், காற்றும் வர வேண்டும். இந்த மூன்றையும் கதவு யன்னல் எதுவும் இல்லாமல் செய்துகாட்டுவது விறாந்தை மட்டும்தான். எட்டு, பத்து அடி ஆழம் இருந்தால் சாரல் உட்சுவரைத் தொடாது. அதற்குக் குறைந்தால் முதல் வரிசைக் கதிரைகள் நனையும். இந்தக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததல்ல. நனைந்த கதிரைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது.

விறாந்தை இவ்வளவு அகலமாக முடிந்ததற்கு ஒரு காரணம் ஓடு. நாட்டு ஓடு பாரம் கூடியது. அதைத் தாங்கக் கைமரத்தை நெருக்கமாகப் போட வேண்டும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தட்டையான, ஒன்றோடொன்று கொளுவும் ஓட்டைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். அந்த வகை ஓடு கப்பலேறி இங்கே வந்தபோது நாங்கள் அதைக் கள்ளிக்கோட்டை ஓடு என்றோம். சிங்களவர்கள் 'ரட்ட உளு' என்றார்கள், அதாவது வெளிநாட்டு ஓடு. கூரையின் பாரம் வெகுவாகக் குறைந்தது. சலாகைகளுக்கு நடுவில் இடைவெளி கூடியது, கூரையை இன்னும் வெளியே நீட்ட முடிந்தது. இந்தியாவில் சுட்ட மண், இலங்கைக் காட்டு முதிரையும் பலாவும், வங்காளத்திலிருந்து பெயர் பெற்ற பங்களா வடிவம், ஸ்கொட்லாந்துக்காரனின் பழக்கவழக்கம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தன. இதை ஆங்கிலேயக் கட்டடக்கலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை இருக்கிறது. தீராந்தியை இழைத்து ஏற்றிய தச்சுப் பாஸின் கை எந்த ஊர்க் கை?

சுவர் இன்னொரு கதை. அந்தக் காலத்துக் கொழும்புக் கட்டடங்களில் நிறையவே கபுக்கல் சுவர்தான், செம்பூரான் கல் என்பார்களே, அது. தோண்டும்போது கத்தியால் வெட்டலாம், வெயிலில் இருக்க இருக்க இறுகும். அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து. தென்கரையில் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. கபுக்கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அந்த ஈரத்தைக் காற்றுக்கு விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய மேசன்மார் சொல்வார்கள், அது உவமை அல்ல, நடப்பதே அதுதான். இப்போது யாராவது வந்து "பழைய பூச்சு உதிர்கிறது, கொத்திவிட்டுச் சீமெந்து பூசுவோம்" என்பார். இரண்டு வருடம் சுவர் பளபளவென்று இருக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். மூன்றாம் வருடம் இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூக்கும், நிறப்பூச்சு கொப்பளம் போடும். அப்போதும் குற்றவாளி கட்டடத்தின் வயசு என்றுதான் தீர்ப்பு வரும். தயவுசெய்து உங்கள் சுவரின் ஒரு மூலையை, யார் கண்ணிலும் படாத இடத்தில், உள்ளங்கையளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே கபுக்கல்லா, செங்கல்லா, எந்தப் பகுதி எந்தக் காலத்தில் சேர்த்தது என்று சுவரே சொல்லும். அதைப் படத்தில் குறித்து வையுங்கள். சீமெந்து மூட்டை வாங்குவது அதற்குப் பிறகு.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானே அந்தப் பிழையைச் செய்தவன்.

1980களின் கடைசியில் கொழும்பில் வேறொரு பழைய கிளப். பெயர் வேண்டாம், அன்றைய நிர்வாகத்தில் இருந்தவர்கள் பலர் இப்போது இல்லை. விருந்து வைக்க மண்டபம் போதவில்லை, விறாந்தையை அடைத்துக் குளிரூட்டிவிட வேண்டும் என்றார்கள். என் மேலதிகாரி என்னை அனுப்பினார். ஒரு பின்னேரத்தில் அளந்து முடித்தேன். வெளியளவும் அறை அளவும் மட்டும் போதும் என்றார்கள். நானும் அதற்கு மேல் எடுக்கவில்லை. தூண்களின் தலைப்பில் மரத்தில் செதுக்கு வேலை இருந்தது. கூரை விளிம்பில் தொங்கும் மரச் சருகை வெட்டு முழுவதும் ஒரே அச்சில் இல்லாமல் நாலு இடத்தில் மாறியிருந்தது, நாலு தச்சர்மார் நாலு கை. நின்று ரசித்தேன். வரையவில்லை. அலுவலகத்துக்கு வந்து டிரேசிங் பேப்பரை விரித்து, ரொட்ரிங் பேனையால் அந்த விறாந்தை முழுவதையும் புள்ளிக்கோட்டால் போட்டேன். எங்கள் தொழிலில் புள்ளிக்கோடு என்றால் அகற்ற வேண்டியது என்று அர்த்தம். அமோனியா வாடையோடு நாலு பிரதி எடுத்து அனுப்பினோம். மூன்று மாதத்தில் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வந்தது.

சில வருடம் கழித்து சுவரில் ஈரம், கூரைக்குள் கறையான். யாரோ ஒரு புதிய செயலாளர், பழையபடி திறந்துவிடலாமா என்று கேட்டு வந்தார். நல்ல மனுசர். பழைய அளவுகள் இருக்கிறதா என்று கேட்டார். கிளப்பில் இல்லை, மாநகர சபைக்குக் கொடுத்த படத்தில் இல்லை, எங்கள் லாச்சியில் இருந்தது என் புள்ளிக்கோடு மட்டும். தூண் எவ்வளவு உயரம், அதன் தலைப்பு எப்படி இருந்தது, விளிம்புப் பலகையின் வெட்டு என்ன? நினைவில் இருந்து ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். அது பொய். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சொந்தக் கதை இன்னொன்று, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 83 ஜூலையில் எங்கள் கிருலப்பனை வீடு எரிந்தது. ஆல்பம், உறுதி, அம்மாவின் தையல் மெசின் எல்லாம் போனது. அதற்குள் நான் தொழிலுக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தது. எத்தனையோ பேரின் வீட்டை அளந்திருக்கிறேன், எங்கள் வீட்டை ஒரு நாளும் அளக்கவில்லை. அந்தக் குசினியின் அகலம் என்ன என்று இன்றைக்கும் எனக்கும் தங்கைக்கும் வாக்குவாதம் வரும். எட்டடி என்கிறாள் அவள். எனக்கு ஏழு என்று நினைவு.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். எங்கள் தொல்பொருள் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது கோடு கிழித்திருப்பது 1815 மார்ச் 2இல், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாளில். அதற்கு முந்தியது என்றால் தானாகவே சட்டத்தின் வரம்புக்குள் வரும். பிந்தியதற்கு அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனம் செய்ய வேண்டும். கொழும்பின் கிளப் கட்டடங்கள் எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவை. ஆகவே அவற்றின் காவலர்கள் நடைமுறையில் அவற்றின் நிர்வாகக் குழுக்கள்தான். சில இடங்களில் நல்லபடியாக நடந்திருக்கிறது. காலிமுகத்தில் கொழும்பு கிளப்பின் பழைய கட்டடம் தாஜ் சமுத்ரா ஹோட்டல் வளவுக்குள் இன்னும் நிற்கிறது. கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. அங்கே பிளேன்டீயின் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனாலும் தடித்த சுவரும் நீண்ட விறாந்தையும் உயிரோடு இருக்கின்றன. விலையை மன்னித்துவிட்டேன்.

இனி, வரைந்து வையுங்கள் என்று சொன்னேனே, எதை வரைவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இப்படியான கட்டடங்களுக்குப் படம் போட்டால் வழக்கமாக வாசல் முகத்தையும் பெரிய மண்டபத்தையும் அழகாகப் போடுவார்கள். பின்பக்கம் 'சேவைப் பகுதி' என்று எழுதிய வெற்றுப் பெட்டியாக இருக்கும். அந்தப் பெட்டிக்குள்தான் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். நான் இளைஞனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு அண்ணன் இருந்தார், கொழும்பில் கெடி வேலை, அதாவது கொல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் வேலை செய்தவர். பை தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு அங்குலம் இறங்கியிருக்கும். கிளப் கட்டடம் என்றால் அவருக்கு விறாந்தையோ மண்டபமோ அல்ல. முறைக்காகக் காத்திருக்கும் மரநிழல், கால் கழுவும் குழாய், கோக்கி தேங்காய்ச் சம்பலோடு பாண் துண்டு நீட்டும் குசினி யன்னல். எந்தப் படியில் இருந்தால் பெயர் கூப்பிடுவது கேட்கும், எந்தப் படியில் இருந்தால் வெயில் படாது என்று அவர் சொல்வார். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும், 150 யார் தூரத்துக்கு எந்த மட்டை என்று படிக்காத அவர் படித்த துரைமாருக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் குசினி யன்னலின் அகலமும் உயரமும் எனக்குப் போர்ட்டிக்கோவின் தூணைவிட முக்கியம்.

அந்தக் காலத்துக் கிளப்புகளில் முக்கியமான சிலவற்றின் முன்வாசல் எங்களவர்களுக்கு மூடியிருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். அதனால்தான் 1899இல் தமிழ் யூனியன் கழகம் தொடங்கியது, அதே வருடம் சிங்களவர்களின் கழகமும் தொடங்கியது. அவரவர் விறாந்தையை அவரவர் கட்டிக்கொண்டார்கள். தமிழ் யூனியனின் ஓவல் மைதானத்தில் 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அதுவும் அந்தக் கதையின் ஒரு கிளைதான். கொல்ஃப் கொஞ்சம் வேறு பாதையில் போனது. இங்கே பின்வாசல் வழியாக வந்தவர்களே திடலின் நடுவுக்குப் போனார்கள். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் கிண்ணம் வென்ற என். தங்கராஜா, திகனை விக்டோரியாத் திடலில் பை தூக்கத் தொடங்கியவர். ஒரு தமிழ்ப் பொடியன், கெடியாக நின்று பார்த்துப் பழகிய ஆட்டத்தில் நாட்டின் முன்வரிசைக்கு வந்தான். பலகையில் பொன் எழுத்தில் தலைவர்களின் பெயர்களை எழுதுகிற வழக்கம் எல்லாக் கழகங்களிலும் உண்டு. கெடிமாரின் பெயர்ப் பதிவேடு எங்காவது ஒரு அலுமாரியில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடந்தால் மலரில் போடுங்கள். கிடக்காவிட்டால், இன்னும் உயிரோடு இருக்கிற முதியவர்கள் வனாத்தமுல்லையிலும் நாரஹேன்பிட்டியிலும் கிடைப்பார்கள், நடந்துபோகிற தூரம்தான். ஒரு பொடியனிடம் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்களைக் கட்டடத்துக்குள் அழைத்து, எது எங்கே இருந்தது என்று கையால் காட்டச் சொல்லிவிட்டு அளவெடுங்கள்.

செலவு பெரிதாகாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை மாணவர்களிடம் கேட்டால் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடுவார்கள். இப்போது லேசர் கருவி இருக்கிறது, எங்களைப்போல ஏணியில் ஏறி நாடா பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் லேசருக்குத் தெரியாத சில விசயங்கள் உண்டு: கதவு நிலையில் தச்சன் விட்ட அடையாளம், ஓட்டின் அடிப்பக்கத்தில் அழுத்திய தொழிற்சாலை முத்திரை, தரையில் சிவப்புச் சீமெந்து எங்கே ஒட்டுப்போட்டது என்ற கோடு. ஓட்டைக் கழற்றும்போது நாலு ஓட்டையாவது திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரும் கம்பனியும் எழுத்தில் இருக்கும். உடைந்தது என்று எறிந்துவிடாதீர்கள்.

அப்புறம், 2029இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு நாள், வாசலைத் திறந்துவிடுங்கள். லண்டனில் 1992இலிருந்து வருடா வருடம் அப்படி நடக்கிறது. வழக்கமாக யாரும் நுழைய முடியாத கட்டடங்களில்கூடச் சனம் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறது. விளையாட யாரும் கேட்கமாட்டார்கள். புல்லை மிதிக்காமல் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கோச்சி யன்னலிலிருந்து இத்தனை வருடம் பார்த்தவர்கள் ஒருமுறை விறாந்தையில் நின்று கோச்சியைப் பார்க்கட்டும். அம்மா இல்லை, தங்கையைக் கூட்டிவருவேன். மட்டையோடு நிற்கிறவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று அவளும் இன்னும் நம்பவில்லை.

மாணவர்கள் வரும் நாளை எனக்கும் சொல்லுங்கள். சம்பளம் வேண்டாம், மதியச் சாப்பாடு குசினிப் பக்கம் கிடைத்தால் போதும். 30 மீற்றர் நாடா ஒன்று என்னிடம் இருக்கிறது, முதல் நாலு அங்குலம் தேய்ந்துபோனது, அதைக் கழித்துக் கணக்குப் பார்க்க எனக்குப் பழக்கம். மறுமுனையைப் பிடிக்க மட்டும் ஒரு ஆள் தேவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞன் ஒருவன்
வெள்ளவத்தை